இரண்டு மேற்கோள் குறிகள்

"தெரிஞ்ச வார்த்தைதானே, அதைச் சொன்னா கம்ப்யூட்டர் ஏம்மா கோவிச்சுக்குது?"

மார்லிஸின் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி அது. தகவல்களை அட்டவணைகளாகச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ், சில சொற்களைத் தன் கட்டளைகளுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. அவற்றையே ஒரு நெடுவரிசைக்குப் பெயராக வைத்தால் குழம்பி நின்றுவிடும். குழந்தையிடம் இதை எப்படிச் சொல்வது? "அது அதோட சாமான்டி. கேக்காம எடுத்தா யாருக்குத்தான் கோவம் வராது?" என்றாள்.

அமெரிக்காவின் டுலூத் நகரில், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்குச் சூடாகச் சாப்பாடு அனுப்பும் ஒரு சிறு அமைப்பில் அவளுக்கு வேலை. ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று ஓட்டுநர்களுக்குத் தரும் பட்டியல் அச்சாகவில்லை. கட்டளை எழுதியதில் பிழை என்று சொல்லும் 'சிண்டாக்ஸ் எரர்' என்ற ஒரே வரி திரையில். வெளியே பனியில் வேன்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னா இதை ஐஸ்கிரீம்னு சொல்லித்தான் குடுக்கணும்," என்றார் ஓட்டுநர் கோர்டி, உணவுப் பெட்டியைத் தட்டியபடி.

மேலாளர் கிர்ஸ்டன் சிரிக்கவில்லை. "இதுவும் டெரன்ஸ் வேலைதான்னா, இந்த வாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிடுவேன். எவ்வளவுதான் பொறுத்துக்கறது? பாத்துச் சொல்லு, மார்லிஸ்."

மார்லிஸோடு சேர்ந்து டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவர் டெரன்ஸ். அவர் மனைவி மருத்துவமனையில் இருந்தாள். அவர் வேலை போனால் அதோடு வந்த அவளுடைய மருத்துவக் காப்பீடும் போகும்.

மார்லிஸ் பார்த்தாள். முந்தின நாள் மருத்துவமனையில் இருந்தபடியே டெரன்ஸ் ஒரு நெடுவரிசை சேர்த்திருந்தார். பெயர் 'ஆர்டர்'. வரிசைப்படுத்தச் சொல்லும் கட்டளையிலும் அதே சொல்தான் வரும். பட்டியலை எடுக்கும் கட்டளை வரியில் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் அடைக்க மறந்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் அவளும் இதையேதான் செய்தாள். அவள் வைத்த பெயர் 'குரூப்'. டெரன்ஸ் யாரிடமும் சொல்லாமல் திருத்திவிட்டு வந்து, "சரி பண்ணிட்டேன். காபி ஆறிடப் போகுது, குடி," என்றதோடு சரி.

இரண்டு குறிகளைச் சேர்த்தாள். அச்சுப்பொறி ஓடத் தொடங்கியது.

"யாரு செஞ்சது?" என்றாள் கிர்ஸ்டன்.

"யாரு மாத்தினாலும் ஓட விடறதுக்கு முன்னாடி சரிபாக்க வேண்டியவ நான். பாக்கலை. என் பேர்ல எழுதிக்க."

அது பொய்யில்லை.

"நீயா? சரி, இனிமே கவனமா இரு." கிர்ஸ்டன் பட்டியல்களை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வேன்கள் போயின. அறையில் யாருமில்லை. டெரன்ஸின் மனைவிக்காகச் சிறிதாக ஜெபித்துவிட்டு, காபி ஆறுவதற்குள் குடித்தாள்.