ஏழாம் அறையின் குடிகாரச் சுவர்

குடியை நிறுத்த வருபவர்கள் தங்கும் அந்தச் சிகிச்சை இல்லத்தில், முதலில் குடிக்கத் தொடங்கியது ஏழாம் அறையின் மேற்குச் சுவர். "இந்தச் சுவரு ரொம்பக் குடிக்குதும்மா" என்று பெயிண்டர் சொன்னபோது, உள்ளலங்காரம் செய்தவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயிண்டை இழுக்கும் சுவரைப் பற்றி எல்லாப் பெயிண்டரும் சொல்வதுதானே! பதினோரு கோட் அடித்தும் சுவர் வெளுத்தே நின்றது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள்; வாய் உண்டென்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பாரம் ஏறினால் மடங்கிவிடும் கொக்கிகள், உருட்டிய மேசை மூலைகள், கண்ணாடிக்குப் பதில் பளபளப்பான எஃகுத் தகடு; படுத்தபடி பார்த்தால் ஜன்னலில் மரம் தெரியும், கடைத்தெரு தெரியாது. ஏழாம் அறையை மட்டும் நான்கு தடவை மாற்றி வரைந்தாள். அது அவள் தம்பிக்கு. வேறு இரண்டு இல்லங்களிலிருந்து ஓடி வந்தவன். இனி ஒரு தடவை குடித்தால் ஈரல் தாங்காது என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

வந்த மூன்றாம் நாளே தம்பி ஷாம்பு பாட்டிலில் சரக்கு வரவழைத்தான். அந்தச் சாமர்த்தியத்தில் பாதி படிப்பில் இருந்திருக்கலாம். மூடியைத் திறப்பதற்குள் சுவர் மொத்தத்தையும் குடித்துவிட்டது. குடித்துச் சிவந்தது, சாய்ந்தது, அவன் படுக்கையில் சுண்ணாம்பாக வாந்தியெடுத்தது, மத்தியானம் "உம்மேல சத்தியமா இதான் கடைசி" என்று விசும்பியது. மறுநாள் நர்ஸ் வைத்திருந்த ஸ்பிரிட்டையும் குடித்தது. தம்பி பத்து நாள் அதைத் துடைத்தான், முதுகு கொடுத்து நிமிர்த்தினான். வார்டன் கேட்டபோது "ஒண்ணுமில்ல சார், ஓதம்" என்று பொய்யும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா இன்ச் டேப்போடு வந்தாள். அவன் ஈரத்துணியோடு தரையில் உட்கார்ந்திருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, நானும் இப்படித்தான் இருந்தேனா?"

"இது பரவால்லடா. கை நீட்டல."

அவன் அவளுடைய முழங்கைத் தழும்பைப் பார்த்தான். மாடிப்படியில் வழுக்கியது என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தாள். அவனுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதன்பின் அவன் ஓடவில்லை, குடிக்கவுமில்லை. ஆறு வருடமாக அங்கேயே பராமரிப்பு வேலை பார்க்கிறான். சுவர் இன்னும் குடிக்கிறது. இடிக்கலாம் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அக்கா திருத்தி வரைந்த வரைபடத்தில் ஏழாம் அறைக்கு நேராக "நோயாளிகள்: இரண்டு" என்று இருக்கிறது. கட்டில் ஒன்றுதான்.