தோட்டத்து அறைக்கு லைன் இழுத்த கதை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அக்கா வீட்டுச் சமையலறையில் டீயோடு சேர்த்து ஓசியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துக் கோடியில் இருக்கும் அறையிலிருந்து அக்கா, திறந்த மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். மேசையில் வைத்தாள். காலித் திரையைப் பார்த்தாள். பிறகு விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள். அவள் அழுது பார்த்தே வருஷங்கள் ஆகின்றன. கதை எழுதுகிறவன் புத்தி உடனே

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. முடித்தால் என் யோக்கியதை தெரிந்துவிடும்.]

அக்கா சைகை மொழிபெயர்ப்பாளர். எங்கோ ஓர் ஊரில், ஒரு மருத்துவமனையில் காது கேளாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரே மருத்துவர். நடுவில் ஒரு திரை, திரைக்குள் அக்கா. காதில் விழுவதைக் கையால் சொல்வாள். கண்ணில் படும் சைகையை வாயால் சொல்வாள். அன்று ஒரு பெண் ஏதோ சொல்லக் கையைத் தூக்கியிருக்கிறாள். படம் அப்படியே உறைந்துவிட்டது. இன்டர்நெட் லைன் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் அழைப்பை முடித்துவிட்டார்கள்.

“கை பாதியில நின்னுடுச்சுடா. அவங்க என்ன சொல்ல வந்தாங்கன்னே எனக்குத் தெரியாது” என்றாள் அக்கா.

(மருத்துவமனை என்பது என் சேர்க்கை. எங்கே, யாரிடம் என்றெல்லாம் அவள் வாய் திறக்க மாட்டாள். அழைப்பில் கேட்டது அழைப்போடு போக வேண்டும் என்பது அவள் தொழிலில் சத்தியம் மாதிரி. கட்டிய புருஷனிடமே மூச்சு விடமாட்டாள், தம்பி எம்மாத்திரம்?)

அழுது முடிப்பதற்குள் அவளுடைய மேலதிகாரி அம்மாள் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“இது மூணாவது தடவைம்மா. அந்தப் பொண்ணு வர்ற திங்கக்கிழமை முழுநாளும் நீங்கதான் வேணும்னு எழுதிக் குடுத்திருக்கு. நான் வேற ஆளைப் போட்டுடவா?”

“வேண்டாம் மேடம். லைன் போகாது. நான் பொறுப்பு.”

“போச்சுன்னா உங்களைப் பட்டியல்லேருந்தே எடுத்துடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது.”

“எடுத்துடுங்க” என்றாள் அக்கா. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்த அறைக்குள் உலகம் நுழையவில்லை.’

அக்கா படித்தாள். “உலகமெல்லாம் வேண்டாம்டா. சிக்னல் வந்தா போதும்” என்றாள்.

அடித்தேன். அடுத்த தொடக்கம்: ‘அவள் கணவனுக்கு அவள் வேலை ஒரு பொருட்டே இல்லை.’ கதை என்றால் ஒரு மோதல் வேண்டாமா? மாமாவை வில்லனாக்கினால் சுலபம். ஆள் வேறு பெரிய மீசை.

“பாவம்டா அவரு. அந்த அறையையே எனக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டினாரு.”

அவள் சொன்னது நிஜம். அதுதான் பிரச்சினையே.

மாமா வீட்டு முன்னறையில் சோபா உறை தைக்கிறவர். மெஷின் சத்தமும் சுத்தியல் சத்தமும் காதைப் பிளக்கும். அந்தச் சத்தத்தில் யார் சொல்வதைக் கேட்டு யாருக்குச் சைகை காட்டுவது? அதனால், புல்வெட்டும் இயந்திரமும் பெயின்ட் டப்பாவும் கிடந்த தோட்டத்து அறையை மாமா காலி செய்தார். சத்தமும் வெயிலும் உள்ளே வராதபடி சுவர், கூரை, கதவின் உட்பக்கம் எல்லாவற்றிலும் கனத்த பலகைகளை ஒட்டினார். ஒரு விரற்கடை இடைவெளி விடவில்லை. உள்ளே போய்க் கதவை மூடினால் நம் மூச்சு நமக்கே கேட்கும்.

3

சிக்னலைக் கூட்டும் என்று கடைக்காரர் அக்கா தலையில் கட்டிய பூஸ்டரைச் சமையலறை ஜன்னலில் வைத்தோம். தோட்டத்தில் நின்றால் சிக்னல் கொட்டியது. அறைக்குள் நுழைந்து கதவை மூடினால் விட்டு விட்டுத்தான் வந்தது.

அக்கா என்னை வீடியோவில் கூப்பிட்டுவிட்டு, மடிக்கணினியோடு அறை வாசலின் உட்பக்கம் நின்றாள். கதவைத் திறந்தாள், என் முகம் திரையில் அசைந்தது. மூடினாள், உறைந்தது. மறுபடி திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு பலகையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள்.

“என்னங்க, இது பின்னாடி வெள்ளியா ஒட்டியிருக்கே, என்னது?”

“அலுமினியத் தாளு. நல்ல உசத்தியாப் பார்த்து வாங்கினேன். சூட்டை அப்படியே திருப்பி அனுப்பிடும்” என்றார் மாமா பெருமையாக.

“சூட்டை மட்டுந்தானா?”

மாமா சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. “அடப்பாவமே, நானே உன்னை டப்பாக்குள்ள போட்டு மூடிட்டேனே!” என்றவர் கண் கலங்கினார்.*

“எல்லாத்தையும் இப்பவே பிச்சு எறிஞ்சிடறேன்.”

“தொட்டீங்க, கெட்ட கோபம் வரும். எனக்கு அமைதியும் வேணும், லைனும் வேணும். காத்துல வராதுன்னா மண்ணுக்குள்ள கேபிள் வழியா வரட்டும். கடப்பாரை எங்கே?”

* இந்த இடத்தைப் படித்த மாமா, தான் கலங்கவில்லை, பசை நெடியில் கண் எரிந்தது என்று திருத்தச் சொன்னார். திருத்தவில்லை.

4

இந்தக் கதையில் எனக்கே நம்பிக்கை இல்லாத பாத்திரம் ஒன்று உண்டு: தம்பி. முதல் வரைவில் அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட, ஒற்றை ஆளாகப் பள்ளம்

[மாமா சிரித்த சிரிப்பில் இந்த வாக்கியம் நின்றுபோனது.]

சரி, உள்ளதைச் சொல்கிறேன். தம்பி மண்வெட்டிக்கு முட்டுக்கொடுத்து நின்றான். கை கொப்பளித்ததும் ஓரமாக உட்கார்ந்து, இதை எப்படி எழுதுவது என்று யோசித்தான். தோண்டியவர்கள் அவர்கள் இருவரும்தான். களிமண் மண்வெட்டியோடு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது. வேர் குறுக்கே வந்தது, அக்கா அரிந்தாள். சிமென்ட் நடைபாதை குறுக்கே வந்தது, அதற்கு அடியில் எலி மாதிரி வளை பறித்தாள். மேலதிகாரி அம்மாளிடம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தோண்டினாள் என்று எனக்குத் தோன்றியது.

ஞாயிறு மதியம் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, மண்ணை மூடி, மிதித்து, மூவரும் நிமிர்ந்தோம். அப்போதுதான் மாமா கேட்டார்.

“மச்சான், உள்ள கயிறு விட்டோமா?”

குழாய்க்குள் கேபிளை இழுக்க முதலில் ஒரு கயிறு இருக்க வேண்டும். விடவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மாமா மறுபடி மண்வெட்டியை எடுத்தார். நான் ‘கண்ணுக்குத் தெரியாத விதி’ என்று மனத்துக்குள் ஒரு வரி எழுதினேன்.

அக்கா வீட்டுக்குள் போய் வேக்குவம் கிளீனரோடு வந்தாள். மெல்லிய நூலின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பை உருண்டையைக் கட்டி, குழாயின் அந்த முனையில் என்னை நுழைக்கச் சொன்னாள். இந்த முனையில் மெஷினை வைத்து உறிஞ்சினாள். என் விரல்களுக்கிடையே நூல் விறுவிறுவென்று ஓடியது. நூலில் கயிறு கட்டி, கயிற்றில் கேபிள் கட்டி இழுத்தோம். இருட்டுவதற்குள் அறையில் லைன் வந்துவிட்டது.

விதியைப் பற்றிய வரியை அடித்துவிட்டேன்.

5

ஆனால் அன்று மாலை நான் வைத்திருந்த முடிவு வேறு. திங்கட்கிழமை பாதி அழைப்பில் கேபிள் அறுந்துபோகிறது. அக்கா இருட்டறையில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வரி: ‘அவள் சொல்ல நினைத்தது’. அவ்வளவுதான், புள்ளிகூட இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அக்கா தாளைக் கீழே வைத்தாள்.

“பாதியில விடறது உனக்கு ஸ்டைலு. இல்ல?”

“அது வாசகருக்கு ஒரு இடம் விடறது அக்கா...”

“அந்தப் பொண்ணு பாதி வாக்கியத்துல கையைத் தூக்கிட்டு உக்காந்திருந்தாடா. சுத்தி எல்லாரும் பேசறாங்க, அவளை யாரும் பார்க்கலை. அதுக்குப் பேரு இடமா? வேலை போனாப் போகுது, வேற தேடிக்குவேன். நாளைக்கும் அவ கை பாதியில நின்னா என்னால தாங்க முடியாது. என்னை வேணும்னா முட்டாள்னு எழுது. என் லைனை அறுக்காதே.”

 எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அந்த முடிவைக் கிழித்தேன்.

6

திங்கள். அக்கா அறைக்குள் போய்க் கதவை மூடினாள்.

வீட்டில் ரவுட்டருக்கு முன்னால் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தையல் மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி எதையும் போடக் கூடாது என்று உத்தரவு. நான் தும்மினால்கூட முறைத்தார். ரவுட்டர் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அது சிமிட்டும் வரை அக்காவின் கைகள் அந்தப் பெண்ணுக்குத் தெரிகின்றன.

கதைக்கு இந்த இடத்தில் விளக்கு அணைய வேண்டும். எந்த வாத்தியாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். நானும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அணையவில்லை. காலை போய், மதியம் போய், மாமாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு, சாயங்காலமும் ஆனது. அணையவே இல்லை.

அக்கா வந்தாள். மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள்.

“லைன் போகலைங்க.”

“அது தெரியும். அந்தப் பொண்ணுக்கு என்னாச்சு?” என்றார் மாமா.

“சொல்ல வேண்டியதையெல்லாம் முழுசாச் சொன்னா. கேட்க வேண்டியதையும் முழுசாக் கேட்டா.” அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மாமாவின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை, ஆனாலும் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

7

எனவே இரண்டு முடிவுகள் எழுதினேன். இரண்டிலும் அது பிரசவ அறை. (கற்பனைதான். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.)

ஒன்றில், குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய்க்குக் கேட்கவில்லை. அவள் திரையைப் பார்க்கிறாள். ‘அழுகிறது, நன்றாகச் சத்தம் போட்டு அழுகிறது’ என்று அக்காவின் கைகள் சொல்கின்றன.

மற்றதில், அறையில் சத்தமே இல்லை. தாய்க்கு அதுவும் தெரியாது. அவள் திரையைப் பார்க்கிறாள். மருத்துவர் தணிந்த குரலில் ஏதோ சொல்கிறார். அதை அக்கா சொல்லித்தான் ஆக வேண்டும்.

அக்கா இரண்டையும் படித்தாள். அவள் கண் எதில் தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடிகொடுக்கவில்லை.

“இதுல எது அக்கா?”

“அது அவ கதைடா. கேட்டா அவதான் சொல்லணும்.”

ஆக, முடிவு என்னிடம் இல்லை. லைன் கடைசி வரை இருந்தது என்பதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். இவ்வளவு நேரத்தில் நீங்கள் இரண்டில் ஒன்றை எடுத்திருப்பீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தவர்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும்தான்.