பேருக்குப் பிஸ்தா

முதல் முடிவு வந்தபோது அவள் தன் கையைத்தான் சந்தேகப்பட்டாள். பிஸ்தா விழுது என்று ஒட்டியிருந்த டப்பாவில் பிஸ்தாவின் மரபணு பேருக்குத்தான் இருந்தது. மற்றதெல்லாம் வேர்க்கடலையும் பட்டாணி மாவும், கூடவே பச்சைச் சாயமும். புதுக் கையுறை மாட்டி, இன்னொரு டப்பாவைத் திறந்து மறுபடி செய்தாள். அதே முடிவு. சிக்குப் பிடித்த எண்ணெயின் வாடை மூக்கிலேயே தங்கிவிட்டது. மதியச் சாப்பாட்டைத் திறந்த வேகத்தில் மூடி வைத்தாள்.

சோதனைக்கூடத்துக்கு வரும் மாதிரிகளில் எண் மட்டும்தான் இருக்கும். அது யாருடைய சரக்கு என்பது ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில்தான் தெரிந்தது.

"நம்ம கடைச் சரக்கு, நாற்பத்தொண்ணாம் நம்பர், உன் மேஜையிலதான் இருக்காம்மா? உங்க ஆபீஸ்ல இருந்தே சொன்னாங்க" என்றார் மாமா, அக்காவின் கணவர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர் அவர். "ஏதோ மெஷின்ல ஒட்டிக்கிட்டதுன்னு எழுதிடு."

"முக்கால்வாசி வேர்க்கடலை மாமா."

"வேர்க்கடலை என்ன விஷமா? ஊரே திங்குது."

"சிலருக்கு விஷம்தான். தொண்டை வீங்கி மூச்சு நின்னுடும். பிஸ்தான்னு நம்பித்தானே வாங்குறாங்க?"

"யாராவது செத்துட்டாங்களா?" நாக்கூசாமல் கேட்டார்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது என்று அவள் நம்பியிருந்தாள். அக்கா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். உள்ளே முழு முழுப் பிஸ்தா.

"பயப்படாம சாப்பிடு. இது நல்லது, வெளியில வாங்கினது. நம்ம கடைச் சரக்கை நாங்க வாயில வைக்கிறதில்ல."

இத்தனை வருஷம் இவர்கள் கையால்தானே சாப்பிட்டோம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. எதையும் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்திட்டாள். மேலாளர் இரண்டு முறை படித்தார், அவள் முகத்தைப் பார்த்தார், முத்திரை வைத்தார்.

சாயங்காலம் சோதனைக்கூட வாசலில் அக்கா நின்றிருந்தாள்.

"மாத்தி எழுத முடியாதா?"

"ரிப்போர்ட் போயிடுச்சுக்கா."

அக்கா திரும்பி நடந்தாள். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பு வார் அறுந்தது. குனிந்து எடுக்காமல், அதைக் காலோடு தரையில் தேய்த்து இழுத்தபடியே சாலையைக் கடந்தாள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று அவளுக்கு வழி விட்டன.