ஐந்தில் இரண்டு போனால்

ஐந்து மணிக்கு எழுந்தேன். குழாயடியில் ஒரு குடம் பிடித்து வந்தேன். குமுட்டி அடுப்பைப் பற்றவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். காப்பி குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். குளித்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு, தெப்பக்குளத்து ஓரமாக நடந்து, கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் கடற்கரைக்குப் போனேன். இருபத்தைந்து நிமிஷ நடை.

அங்கே மீனவர் குப்பத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு வாத்தியார் நான். கணிதத்தில் பி.ஏ. முடித்தவன் இங்கே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என் மனைவி ஜானு சென்ற ஆவணியில் இறந்தாள். அதற்குப் பிறகு கிடைத்த முதல் வேலை இது. சேர்ந்துவிட்டேன்.

அன்று பள்ளி வாசலில் சூசையம்மா நின்றிருந்தாள். மீன் விற்பவள். காலிக் கூடை இடுப்பில் இருந்தது. பக்கத்தில் அவள் மகள் லூர்துமேரி. எட்டு வயசு. ஒன்றாம் வகுப்பில் மூன்றாவது வருஷம்.

“இன்னா அய்யரே, வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வர்றாராமே. இவ பாஸாவாளா?”

“ஆவா.”

“போன வாத்தியாரும் இப்டித்தான் சொன்னாரு. இந்தத் தபாவும் பெயிலானா அன்னிக்கே கூடையத் தூக்கி இவ தலையில வச்சிடுவேன். படிப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

“பாஸாவா. நான் சொல்றேன்.”

லூர்துமேரிக்குக் கூட்டல் வரும். கழித்தல் வராது. ‘ஐந்தில் இரண்டு போனால் மீதி எத்தனை?’ எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் கேட்கிற கேள்வி இது. இரண்டு வருஷமாக அவள் சொல்லும் பதில், ஐந்து. மக்கு என்று பழைய வாத்தியார் குறித்துவைத்திருந்தார். நான் நம்பவில்லை. எனக்குப் படம் வரைய வரும். கண்ணால் பார்த்து விரலால் எண்ணினால் எந்தக் குழந்தைக்கும் கணக்கு வந்துவிடும்.

பலகையில் ஐந்து மாங்காய் வரைந்தேன்.

“ரெண்டைத் தின்னாச்சு. மீதி?”

“மூணு” என்றாள். யோசிக்கவே இல்லை.

“சரி. அஞ்சுல ரெண்டு போனா?”

“அஞ்சு.”

வகுப்பு சிரித்தது. “அவளுக்கு அஞ்ச வுட்டா வேற நம்பரே தெரியாது சார்!” என்றான் பின்வரிசை வேதநாயகம்.

“நீ மொதல்ல மூக்கத் தொட” என்றாள் லூர்துமேரி.

அவளுக்குப் பழகிய பொருளாக இருக்கட்டும் என்று மாங்காயை அழித்துவிட்டு ஐந்து கட்டுமரங்கள் வரைந்தேன். கீழே மணல். துடுப்பு, கயிறு எல்லாம் சரியாக வந்தன. “அஞ்சு மரம். ரெண்டு போச்சு” என்று சொல்லி, துணியால் இரண்டைத் துடைத்தேன்.

அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழிக்காத சார்! நைனா கடல்ல கீது!”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. வேதநாயகமும் சிரிக்கவில்லை.

“மரம் போச்சுன்னு சொல்லக்கூடாது சார். போயிக்கீதுன்னு சொல்லு. போனது வந்துடும்.”

அப்படியானால் ஐந்துதான். அவள் கணக்கில் தப்பே இல்லை.

துடைத்த இரண்டையும் திரும்ப வரைந்தேன். முடிக்கும்வரை அவள் இடத்துக்குப் போகவில்லை. ஆனால் இந்தத் தடவை அந்த இரண்டையும் தள்ளி வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டேன்.

“இந்தப் பக்கம் கரை. அந்தப் பக்கம் கடல். எதையும் அழிக்கலை. கரையில எத்தனை?”

“மூணு.”

“கடல்ல?”

“ரெண்டு.”

“மீதின்னு கேட்டா கரையில இருக்கறதை மட்டும் சொல்லணும்.”

“கடல்ல கீறத கேக்க மாட்டாங்களா?”

“மாட்டா.”

“இன்னா கணக்கு சார் இது” என்றாள். ஆனால் பிடித்துக்கொண்டாள். அடுத்த மூன்று நாளும் மணலில் காலால் கோடு கிழித்து, கிளிஞ்சல்களை இப்பாலும் அப்பாலும் வைத்து எண்ணினோம். வேதநாயகத்துக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள், குட்டு வைத்து.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். அவள் முறை வந்ததும், “ஒன்பதில் நாலு போனால்?” என்றார்.

“எங்க போச்சு சார்?”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “எங்கயோ போகட்டும். உனக்கென்ன?”

அவள் கால் கட்டைவிரலால் தரையில் ஒரு கோடு இழுத்தாள். விரல்களை மடக்கினாள்.

“கரையில அஞ்சு. அந்த நாலும் வந்துட்டா ஒம்போது.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “மீதியையும் சொல்லி, கூட்டிச் சரியும் பார்த்துட்டாளே! இது மேல் வகுப்புப் பாடம் ஓய்” என்று என்னிடம் சொல்லி, இரண்டாம் வகுப்புக்கு என்று எழுதினார்.

சாயங்காலம் சூசையம்மா வந்தாள். “அய்யரு சொன்னா சொன்னதுதான். மீனு குடுக்கலாம்னா நீ துன்ன மாட்ட. மாங்கா கொண்டாந்துகீறேன். வூட்ல எத்தினி பேரு?”

“ஒருத்தன்தான்.”

“மீதி எங்க சார்?” என்றாள் லூர்துமேரி.

“பாஸானதும் வாயப் பாரு இதுக்கு” என்று தாய் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். நான் மாங்காயை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

ஜானு பிரசவத்துக்குக் கும்பகோணம் போனாள். எழும்பூரில் ரயிலேற்றியது நான். தாயும் குழந்தையும் திரும்பவில்லை. கடைசி நேரத்தில் ‘அனந்தராமன்’ என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம், மாமியார் எழுதியிருந்தாள். ஜானு ஒருநாளும் என் பேரைச் சொன்னவள் இல்லை. நான் என் காதால் கேட்டது, ரயில் நகரும்போது ஜன்னலில் குனிந்து அவள் சொன்னதுதான்:

“காப்பிக்கு ஒரு டம்ளர் ஜலம் குறைச்சு வையுங்கோ, நான் வர வரைக்கும்.”