மதீனாவின் பத்தாவது வாரம்

காமயகவுண்டன்பட்டி மதீனா 1999 ஜூன் மாதம் பத்து வாரக் கர்ப்பமாக இருந்தாள். 2010 ஜூன் மாதமும் பத்து வாரக் கர்ப்பமாகவே இருந்தாள். இடையில் பதினோரு வருஷம், கலையவும் இல்லை, வளரவும் இல்லை. உத்தமபாளையத்தில் ஸ்கேன் பார்த்தார்கள், பத்து வாரம். மிஷின் பழுதாக இருக்கும் என்று தேனிக்குக் கூட்டிப்போனார்கள், அங்கேயும் பத்து வாரம். தினமும் காலை ஆறு பத்துக்கு வாசலுக்கு வந்து வாந்தி எடுப்பாள். முதல் டவுன் பஸ் டிரைவர் கைக்கடிகாரத்தை அதை வைத்துத்தான் சரிபார்ப்பார் என்று ஊரில் சொல்வார்கள். பொய் என்று நினைத்தால் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ரெண்டு வருஷம் வேடிக்கை பார்க்கக் கம்பத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தது. அப்புறம் பழகிவிட்டது. கல்யாண வீடுகளில் அவளுக்கு மட்டும் தாளிப்பு வாசம் இல்லாத குழம்பைத் தனியாக எடுத்துவைத்தார்கள், அவ்வளவுதான்.

பழகாத ஆள் ஒருத்திதான். எப்சிபா. தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த பொன்னுராஜின் மனைவி, சர்ச்சில் பெண்கள் சங்கச் செயலாளர், 2001-லும் 2006-லும் கம்பம் பள்ளத்தாக்கில் நின்று ஜெயித்த எம்.எல்.ஏ. கட்சி சின்னது, பெரிய கட்சி ரெண்டில் யார் இலை போட்டார்களோ அவர்கள் பந்தியில் உட்காரும். ஆனால் எப்சிபா எங்கேயும் உட்காரமாட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிடுவாள், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவாள், ஜெபம் முடியுமுன் செருப்பைத் தேடுவாள். “ஒனக்கென்ன கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒரு வாய் நின்னு தின்னுட்டுப் போத்தா” என்று பொன்னுராஜ் கத்துவார். அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்துகொண்டேதான் கத்துவார்.

காரணம் இதுதான். 1999-ல் அவள் எம்.எல்.ஏ. இல்லை, ஒரு தாலுகா ஆஸ்பத்திரியின் ஆலோசனைக் குழுவில் உறுப்பினர். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். அங்கே ஒரு திங்கட்கிழமை மதீனா வந்து நின்றாள். பையன் அஸ்லமுக்கு நாலு வயது, பொண்ணு சாதியாவுக்குப் பத்து மாசம், உடம்பில் சொட்டு ரத்தம் இல்லை. இன்னொன்று தாங்காது என்று அவளும் புருஷன் சேக் பரீதும் பேசி முடிவெடுத்திருந்தார்கள். கிளார்க் ஞானசிகாமணி படிவத்தை நீட்டிக் கணவர் கையெழுத்து கேட்டார். சேக் பரீத் திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே ஒரு பெரிய ஊருக்குப் போயிருந்தான், வெள்ளிக்கிழமைதான் திரும்புவான். நாள் தள்ளினால் பயமாக இருக்கிறது என்று மதீனா அழுதாள். நர்சு என்ன செய்வதென்று எப்சிபா முகத்தைப் பார்த்தாள். “புருஷன் கையெழுத்து இல்லாம எப்படிம்மா? மண்டிக்குப் போன் போட்டு வரச்சொல்லு, நாலு நாள்ல என்ன கொறஞ்சு போச்சு அவுகளுக்கு” என்றாள் எப்சிபா. அன்பாகத்தான் சொன்னாள். ஒரு காபிகூட வாங்கிக் கொடுத்தாள்.

சேக் பரீத் போனை வைத்ததும் பாதி லோடை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். அங்கே ஒரு பெஞ்சுக்கு அடியில் யாரோ வைத்துவிட்டுப் போன டிபன் கேரியர் வெடித்தது. பதினாலு பேரை அடையாளம் சொன்னார்கள். பதினைந்தாவதை அடையாளம் சொல்லும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. அன்றைக்கு நின்றதுதான் மதீனாவின் வயிறு. கையெழுத்து வராமல் அது எப்படி நகரும் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் அதைப் பெரிய ஆச்சரியமாகச் சொல்லவில்லை.

போலீசுக்கு வேறு கணக்கு இருந்தது. வெள்ளிக்கிழமை ஊர் திரும்பவேண்டிய ஆள் திங்கட்கிழமையே ஏன் ஓடினான்? லோடை ஏன் பாதியில் விட்டான்? இறந்தவர்கள் பட்டியலில் சேக் பரீத் இல்லை, தேடப்படுவோர் பட்டியலில் இருந்தான். அவன் பேரும் ஒரு காரணம், அதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை. மதீனாவைப் பதினெட்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் போய் நின்றால், புருஷன் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள். சான்றிதழ் கேட்டால், தேடப்படும் ஆளுக்கு எப்படித் தருவது என்றார்கள். காணாமல் போனவரை ஏழு வருஷத்துக்குப் பின் இறந்தவராகக் கொள்ளலாமே என்று 2006-ல் எப்சிபா கேட்டாள். காணாமல் போனவருக்குத்தான் அது, தேடப்படுபவருக்கு இல்லை என்று பதில் வந்தது. அடப்பாவிகளா என்று பொன்னுராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

எம்.எல்.ஏ. ஆன முதல் வருஷமே எப்சிபா சட்டப் புத்தகத்தை வாங்கி வரிவரியாகப் படித்தாள். கருக்கலைப்புக்கு வயது வந்த பெண்ணின் சம்மதம் போதும் என்று அதில் இருந்தது. கணவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. புத்தகத்தை மூடிவிட்டுப் புறக்கடையில் போய் நின்று வெகுநேரம் அழுதாள். அப்படியானால் அந்தக் கையெழுத்து எங்கிருந்து வந்தது? ஞானசிகாமணியைப் பிடித்து உலுக்கியதில் வெளியே வந்தது. 1987-ல் படிவம் தீர்ந்துபோயிருக்கிறது. புதுசுக்கு எழுதிப் போட்டு ஆறு மாசம் காத்திருந்த மனுஷன், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் படிவத்தின் தலைப்பை மட்டும் மாற்றி டைப் அடித்து உருட்டி நகல் எடுத்துவிட்டார். அதில் ‘கணவர் கையொப்பம்’ என்று ஒரு வரி இருந்தது. அந்த நகலைப் பார்த்து அடுத்த ஆஸ்பத்திரி எடுத்தது, அதைப் பார்த்து இன்னொன்று. பள்ளத்தாக்கு முழுக்க அதுவே சட்டமாகிவிட்டது. “நல்லதுன்னு நெனச்சுத்தேன் செஞ்சேன்மா” என்றார் அவர். எப்சிபாவால் அவரைத் திட்ட முடியவில்லை. அவளும் நல்லதென்று நினைத்துத்தானே சொன்னாள்.

சட்டசபையில் கேட்டாள். அப்படி ஓர் உத்தரவே இல்லை, இல்லாத உத்தரவை ரத்து செய்ய இயலாது என்றார் அமைச்சர். சபை மேசையைத் தட்டியது. ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாள். இல்லை என்பதற்கு ஓர் உத்தரவு வேண்டுமே என்றார்கள். இப்படியே ஆட்சி மாறியது, அமைச்சர்கள் மாறினார்கள், பதில் மட்டும் மாறவில்லை. 2004-ல் மேகமலை எஸ்டேட் லைன் வீட்டு ஜக்கம்மாவை, புருஷனைக் கூட்டி வா என்று திருப்பி அனுப்பினார்கள். புருஷன் அவளை விட்டுப்போய் ரெண்டு மாசம். அவள் கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு, சின்னமனூர் இறங்கும் பாதையில் ஜீப்பிலேயே செத்தாள். அதை எப்சிபா சபையில் சொல்லும்போது நேரம் முடிந்ததென்று மைக்கை அணைத்தார்கள். மீதிப் பேச்சு அனுமந்தன்பட்டியில் ஒரு காதுகுத்து வீட்டு மைக்செட்டில் தெளிவாகக் கேட்டது. ‘எருக்கங்குச்சி’ என்ற சொல் வந்தபோது பந்தியில் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மைக்செட்காரர் வயரைப் பிடுங்கியும் பேச்சு நிற்கவில்லை, அது முடிந்தபோதுதான் முடிந்தது. மறுநாள் சர்ச்சுப் பெரியவர்களும் ஜமாஅத் பெரியவர்களும் முதல்முறையாக ஒரே காரில் வந்து, சிசுக்கொலைக்கா ஓட்டுப் போட்டோம் என்று சண்டை போட்டார்கள். சங்கச் செயலாளர் பதவி போயிற்று. “போகட்டும், அந்தச் சாவிக்கொத்து வேற கனமா கெடந்துச்சு” என்றாள் எப்சிபா. ஆனால் அன்று முழுவதும் கடைக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

சேக் பரீத் விஷயத்தில் அவள் அலைந்த அலைச்சலை எழுதினால் இந்தக் கதை சென்னைக்கும் தேனிக்கும் நாலு தடவை போய்வரும். வெடிகுண்டில் செத்தவர்களின் வீட்டாட்கள் பதினாலு பேரையும் ஊர் ஊராகத் தேடிப்போய், பதினைந்தாவது ஆளுக்காகவும் கையெழுத்து வாங்கினாள். ஒருவர்கூட மறுக்கவில்லை. கடைசியில் 2009-ல், சோதனைச்சாலையில் பத்து வருஷமாகச் சீலோடு கிடந்த அந்த மிச்சத்தை அஸ்லம், சாதியா ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது. அடுத்த வருஷம் கோர்ட்டில் தீர்ப்புச் சொன்ன நாளில் செத்தவர்களாகப் பதினைந்து பெயர்களும் படிக்கப்பட்டன. தேடப்படுவோர் பட்டியலில் சேக் பரீத் பேரில் கோடு போட்டார்கள். மன்னிப்பு மட்டும் வரவில்லை. எப்சிபா கேட்டதற்கு, அதற்குப் படிவம் இல்லை என்றார்கள்.

அதே ஜூனில் சுகாதாரத் துறையிலிருந்தும் ஒரு பக்கம் அச்சாகி வந்தது. கணவர் கையொப்பம் கேட்கும்படி உத்தரவு ஏதுமில்லை, பெண்ணின் ஒப்புதலே போதுமானது என்று எல்லா ஆஸ்பத்திரிக்கும். இறப்புச் சான்றிதழும் இந்தத் தாளும் ஒரே வாரத்தில் கையில் கிடைக்க, எப்சிபா மதீனாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மேசையில் இருந்தவள் புது நர்சு. உத்தரவைப் படித்தாள், திருப்பிப் பார்த்தாள், யோசித்தாள். புருஷன் இல்லாதவர் என்றால் இறப்புச் சான்றிதழ் ஒரு நகல் இருந்தால் நல்லது, பின்னாடி ஆடிட்டில் கேட்பார்கள் என்றாள். மதீனா பையை அணைத்துக்கொண்டு நின்றாள். எப்சிபாவுக்குப் பதினோரு வருஷ அவசரம். இன்னும் ஒரு நிமிஷம் தாமதமானாலும் எல்லாம் பழையபடி நின்றுவிடும் போல் இருந்தது.

“அதையுந்தேன் குடுத்துரேன் மதீனா. கையிலதான இருக்கு, எதுக்கு வம்பு” என்றாள்.

மதீனா திரும்பி அவளைப் பார்த்தாள்.

“அக்கா, அன்னைக்கும் இங்கனதேன் நின்னு கேட்டீக. நீங்க கேட்டீகன்னுதேன் போன் போட்டேன். வந்தாக.” குரல் உடையவில்லை. “அன்னைக்கு அவுக உசுரக் கேட்டீக. இன்னைக்கு அவுக சாவக் கேக்குறீக. எங் கையி என்னைக்குத்தேன் ஒங்களுக்குப் போதும்?”

அன்றைக்குச் சொன்னதை அவள் மறக்கவில்லை என்பதே எப்சிபாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் காரில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், பிரியாணி கொடுத்து அனுப்பியவள், ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. எப்சிபா நர்சின் கையிலிருந்த பேனாவை வாங்கி மதீனாவிடம் கொடுத்தாள். “தப்புதேன் தாயி” என்றாள். “நீ போடு. எவ வந்து கேக்குறான்னு நான் பாக்குறேன்.”

மதீனா அரபி மதரஸாவில் கற்றுக்கொண்ட நிதானத்தோடு, எழுத்தெழுத்தாகத் தன் பேரை எழுதினாள். டாக்டர் சொர்ணலதா கடைசி மாதவிலக்குத் தேதி கேட்டார். 1999 ஏப்ரல் ஐந்து என்றாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு உள்ளே அழைத்துப்போனார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சாயங்காலம் வார்டில் கண் விழித்ததும் மதீனா சேக் பரீத் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அவன் செத்த பிறகு அவள் அழுதது அதுதான் முதல். பக்கத்துக் கட்டில்காரி புருஷன் எப்போது தவறினார் என்று விசாரித்தாள். எப்சிபா பதினோரு வருஷத்துக்கு முந்திய அந்தத் தேதியைச் சொன்னதும், அய்யோ பாவம், பச்சைப் புண்ணு என்று அவளும் கூடச் சேர்ந்து அழுதாள்.

மாசக் கடைசியில் மாவட்டத்துக்குப் போன அறிக்கையில், பன்னிரண்டு வாரத்துக்கு உட்பட்டவை ஒன்பது என்று இருந்தது. மதீனா அந்த ஒன்பதில் ஒருத்தி. கணக்குச் சரி என்று மேலே கையெழுத்தாகி வந்தது.