ஒன்பதாவது ஆள்

ஒஸ்லோத் தமிழர் என்றால் கால்பந்து, கிரிக்கெட் என்றுதான் ஊர் நினைக்கும். குகநேசனோ தன் நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு பேஸ்போல் அணிக்குப் பந்து பிடித்துக்கொண்டிருந்தார். மனைவி பிரிந்து மகளோடு பேர்கனுக்குப் போன வருடம், ஸ்டோவ்னர் வீட்டில் தனியே இருந்து சுவரைப் பார்க்கப் பயந்து சேர்ந்த ஆட்டம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவும் "நேசன்" என்று பாதிப் பெயர். பாதியென்றாலும் பெயர்தானே.

அணி கடைசி இடத்தில் கிடந்தது. செப்டெம்பர் வந்தும் ஒரு வெற்றி இல்லை. ஒன்பது பேர் சேராததால் இரண்டு ஆட்டங்களை ஆடாமலே விட்டுக்கொடுத்தாயிற்று. மூன்றாவதையும் விட்டால் போட்டிப் பட்டியலிலிருந்தே அணியைத் தூக்கிவிடுவார்கள். அணித்தலைவன் மார்க்கஸுக்கு அலுத்துவிட்டது.

"எட்டுப் பேர்தான் இருக்கிறோம், நேசன். விட்டுவிடுவோம்" என்றான் நோர்வேஜிய மொழியில்.

"ஒன்பதாவது ஆள் என் பொறுப்பு" என்றார் குகநேசன்.

ட்வெய்ட்டாவில் இருந்த ரிசாந்தைப் பிடித்தார். ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த மின்வேலைக்காரன். எறிந்தால் பந்து நேராகப் போகும், அது போதும்.

"ஞாயிறு எத்தினை மணிக்கு வரவேணும், அண்ணை?"

ஆட்டம் இரண்டு மணிக்கு. அணி கூடுவது ஒரு மணிக்கு. குகநேசன் யோசிக்கவே இல்லை.

"பன்னிரண்டுக்கு வாரும்" என்றார்.

ஆறு மணிக் கலியாண விருந்துக்கு ஆறு மணிக்கே போய், வெறும் கதிரைகளோடு குந்தியிருந்த அனுபவம் அவருக்கு நிறைய உண்டு. அதனால் நம்மவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்வது அவருக்குக் கைவந்த வழக்கம். வெள்ளைக்காரருக்கு மட்டும் சரியான நேரத்தைச் சொல்வார்.

ஞாயிறன்று ஒரு மணிக்கெல்லாம் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். எதிரணியின் பஸ்ஸும் வந்தது. குகநேசன் பாதையையே பார்த்துக்கொண்டு, "எங்கள் ஆள்தான், கொஞ்சம் பிந்தித்தான் வருவான்" என்று சிரித்துச் சமாளித்தார். முக்கால் மணித்தியாலம் போனபிறகு, கூப்பிட்டுப் பார்ப்போம் என்று பைக்குள் கிடந்த தொலைபேசியை எடுத்தார். பன்னிரண்டே முக்காலுக்கு வந்த செய்தி ஒன்று அதில் இருந்தது.

"அண்ணை, பன்னிரண்டுக்கு முந்தியே வந்தனான். ஒருத்தரையும் காணேல்லை. நீங்கள் ஆட்டத்தை விட்டிட்டீங்கள்போல. வேலைக்கு ஆள் கேட்டவை, டிராமனுக்குப் போறன்."

அழைத்தார். எடுக்கவில்லை. மீண்டும் அழைத்தார். இரண்டேகாலுக்கு நடுவர் ஆட்டம் எதிரணிக்கு என்று எழுதிப் புத்தகத்தை மூடினார்.

"வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் விட்டானே" என்றான் மார்க்கஸ்.

பழியை ரிசாந்தின் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். குகநேசனுக்கு மனம் வரவில்லை. "அவன் வந்தான். நான்தான் ஒரு மணித்தியாலம் முந்திச் சொல்லிவிட்டேன்."

"ஏன்?"

"அவன் தமிழன். பிந்தி வருவான் என்று நினைத்தேன்."

மார்க்கஸ் கோபப்படவில்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டான். "நீயும் தமிழன்தானே, நேசன். நீ ஒருநாளும் பிந்தியதில்லையே."

குகநேசனுக்கு வெட்கமாக இருந்தது.

எல்லாரும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்று ஒருவரும் சொல்லவில்லை. குகநேசன் "பிழை என்ரைதான், தம்பி" என்று ரிசாந்துக்கு எழுதி அனுப்பிவிட்டு, ஒருவர் கால்கூடப் படாத திடலின் செம்மண்ணை வாரியால் இழுத்துச் சமப்படுத்தத் தொடங்கினார். ஆட்டம் முடிந்தபின் அதை எப்போதும் அவர்தான் செய்வார்.

பாதியில் பதில் வந்தது. "பரவாயில்லை, அண்ணை. அடுத்த ஞாயிறு எத்தினை மணிக்கு?"

அடுத்த ஞாயிறு என்று ஒன்று இனி இல்லை. வாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு, "ஒரு மணிக்கு" என்று எழுதினார். அதன் கீழே இன்னொரு வரியும் சேர்த்தார்.

"ஆட்டம் இல்லை. நான் மட்டும்தான் நிப்பன்."