சுப்புத்தாய் வாசலில் நீல முட்டை

பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளைத் திறந்துவிட்ட மாரீஸ்வரி, தற்செயலாகப் பக்கத்து வாசலைப் பார்த்ததும் கூடை பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டாள். மஞ்சள்பொடியில் ஒரு வட்டம். அதற்குள் வேப்பிலை, மிளகாய் வற்றல், நடுவில் ஒரு நீல முட்டை. அதன் உச்சியில் ஊசி குத்தியிருந்தது.

அது அவள் கோழி இட்ட முட்டை.

அவள் புருஷன் கருத்தக்கண்ணன் கோம்பையிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவன். போன வருஷம் கட்டப்பனையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குஞ்சுகள் வாங்கி வந்தான். அவை வளர்ந்து நீலமும் பச்சையுமாக முட்டையிட்டபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. முதல் வேலையாக மறைத்தாள். நல்லது ஒன்று வீட்டுக்கு வந்தால் நாம் எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம், கண்ணுகளா? அரிசி டிரம்முக்குள் சேர்த்து, துணியில் சுற்றி, குமுளி ரிசார்ட்டுக்கு விற்க ஜீப்பிலேயே அனுப்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி சுப்புத்தாய்க்குக்கூடத் தெரியாது.

அந்த வீட்டில்தான் சுப்புத்தாயின் மகள் கயல் ஏழு மாத வயிற்றோடு இருந்தாள். இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தன.

சுப்புத்தாய் வெளியே வந்தாள். அழுது வீங்கிய முகம்.

"பாத்தியா மாரி? கயலு கட்டிலுக்கு அடியில கெடந்துச்சுடி. கோடாங்கி வந்து குறி பாத்தாக. செய்வினையாம், ஒறவுக்காரிதேன் எவளோ வச்சிருக்கான்னு சொல்லி வாசல்ல கட்டுப்போட்டுட்டாக."

மாரீஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. ஏதோ ஒரு கோழி சுவரேறிக் குதித்து, இருட்டு மூலை தேடிப் போயிருக்கிறது. பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் சுப்புத்தாய்க்குப் பின்னால் கயல் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். உதடு வெளுத்து, முட்டையையே பார்த்துக்கொண்டு.

"யக்கா, அது ஏங் கோழி முட்டை."

"என்ன? அப்ப நீதேன் வச்சியா?"

"கோழி இட்டதுக்கா!"

"கோழி நீலமா இடுதாக்கும்? நாளைக்கு ஒம் மாடு பச்சப்பாலு கறக்குமாடி?"

மாரீஸ்வரி சுப்புத்தாயின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். கயலும் வந்தாள். ஓட்டைக் கூடைக்குள் கறுப்புக்கோழி ஒன்று முட்டையிட அடங்கியிருந்தது. மூன்று பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். வெகுநேரம் கழித்துக் கோழி இறகைச் சிலிர்த்து அரைவாசி எழுந்தது. வைக்கோலில் முட்டை விழுந்தது. ஈரமாக, வானத்தைக் கிள்ளிப் போட்டது மாதிரி நீலமாக.

சுப்புத்தாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அப்புறம் இரண்டும் நின்றன.

"எம்புட்டு நாளா இடுது?"

"ஆறேழு மாசமா."

"ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

மாரீஸ்வரி கூடையிலிருந்து சரிந்த வைக்கோலை உள்ளே தள்ளினாள்.

"ஏங் கண்ணு பட்டுரும்னா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லாமல் மாரீஸ்வரி கோழியைக் கூடையை விட்டு விரட்டினாள்.

"ரெண்டு பேரப்புள்ளைகள வாரிக் குடுத்தவ கண்ணுன்னா?"

கோழி கொக்கரித்துக்கொண்டு ஓடியது. கயல் வயிற்றைத் தாங்கியபடி மெல்லக் குனிந்து முட்டையை எடுத்தாள்.

"சித்தி, சுடுது," என்றாள்.

சுப்புத்தாயும் மாரீஸ்வரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஈரம் உலர உலரக் கயலின் உள்ளங்கையில் வெளிறிக்கொண்டிருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.